பாரி பாண்ட்ஸ் உள்ளேயா, வெளியேயா? ஊக்கமருந்துக் காலத்து வீரர்களுக்கு வாக்களிக்க நான்கு வழிகள்

ஜனவரி மாதம் அமெரிக்க பேஸ்பாலின் உயர்ந்த கௌரவமான ஹால் ஆஃப் ஃபேம் வாக்கு முடிவு வந்ததும் பேஸ்பால் பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். 762 ஹோம் ரன் (பந்து வேலியைத் தாண்டும் அடி) அடித்தும் ஊக்கமருந்துப் புகாருக்கு ஆளான பாரி பாண்ட்ஸுக்கு, அந்த ஹால் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் இடமில்லை. 2003 ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் பெயர் அடிபட்ட டேவிட் ஓர்டிஸோ முதல் ஆண்டிலேயே உள்ளே போய்விட்டார். இரண்டும் 2022-இல், ஒரே 394 வாக்குச்சீட்டுகளில் நடந்தவை. தேவைப்பட்டது 296, ஓர்டிஸுக்கு 307, பாண்ட்ஸுக்கு 260. இது என்ன நியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. பாண்ட்ஸுக்கு 260 பேர் போட்டதே தவறு என்பவர்களும் உண்டு. "சரி, சீட்டு உங்கள் கையில் இருந்தால் எந்த அளவுகோலில் போடுவீர்கள்?" என்று கேட்டால் இரு தரப்பாரும் தடுமாறுகிறார்கள். அந்த இடத்தில் நிற்பவர்களுக்கானது இந்த ஒப்பீடு.

எங்கள் முடிவை மறைத்து வைக்கத் தேவையில்லை. தண்டனையோடு கூடிய சோதனை எப்போது தொடங்கியதோ அங்கே கோடு போடுவதுதான் நான்கு வழிகளில் தாங்கக்கூடியது. அதற்கும் விலை உண்டு. அதையும் கீழே எழுதியிருக்கிறோம்.

## சீட்டு எப்படி வேலை செய்கிறது

பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் இருப்பவர்கள் வாக்களிக்கிறார்கள். ஒரு சீட்டில் அதிகபட்சம் 10 பெயர். 75 சதவீதம் கிடைத்தால் உள்ளே. 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பட்டியலிலிருந்தே நீக்கம். ஒருவர் 10 ஆண்டு வரை பட்டியலில் நிற்கலாம். 2014-க்கு முன்பு அது 15 ஆண்டாக இருந்தது. அதன் பிறகு 16 பேர் கொண்ட காலக் குழு ஒன்று பரிசீலிக்கும். அங்கே 12 வாக்கு வேண்டும்.

விதியில் ஆட்டத் திறனோடு நேர்மை, விளையாட்டுப் பண்பு, குணம் என்ற சொற்களும் இருக்கின்றன. ஊக்கமருந்து என்ற சொல் எங்கும் கிடையாது. ஹால் ஆஃப் ஃபேம் நிர்வாகம் வாக்காளர்களுக்கு இதுவரை தெளிவான வழிகாட்டுதல் தந்ததில்லை. 2017 நவம்பரில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முன்னாள் வீரர் ஜோ மார்கன் எழுதிய கடிதம் ஒன்று போனது, ஸ்டீராய்டு பயன்படுத்தியவர்களுக்குப் போடாதீர்கள் என்று. அது வேண்டுகோள், விதியாக யாரும் அதை மாற்றவில்லை. பாரம் முழுவதும் வாக்காளர் தலையில்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகளை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரம் எவ்வளவு வலுவானது? அந்த நாளில் விதியும் தண்டனையும் இருந்தனவா? ஒருவருக்குப் போட்ட அளவுகோலை அடுத்தவருக்கும் போட முடிகிறதா? இந்த வாக்கால் யாருக்குச் சேதம்?

இவற்றில் முதல் கேள்வியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "மாட்டினார்" என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் ஐந்து வெவ்வேறு தரமுள்ள ஆதாரங்கள் ஒளிந்திருக்கின்றன.

வலுவானது தண்டனைச் சோதனையில் வந்த முடிவு. சேகரிப்பவர் முன்னிலையில் எடுத்த சிறுநீரை 'ஏ', 'பி' என்று இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிட்டு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். டெஸ்டோஸ்டிரோனுக்கும் எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் இயல்பாக ஒன்றுக்கு ஒன்றை ஒட்டி இருக்கும். நான்குக்கு ஒன்றைத் தாண்டினால் ஐயம். அதோடு விடமாட்டார்கள். கார்பன் ஐசோடோப்புச் சோதனையும் உண்டு. செயற்கை டெஸ்டோஸ்டிரோன் சோயா போன்ற தாவரப் பொருளிலிருந்து தயாராவதால், உடம்பில் சுரப்பதைவிட அதில் கார்பன்-13 சற்றுக் குறைவாக இருக்கும். எனவே மருந்து வெளியிலிருந்து வந்ததா என்பதைப் பிரித்தறியலாம். ரஃபேல் பால்மீரோ 2005-இல் ஸ்டானஸோலால் என்ற ஸ்டீராய்டுக்கும், மேனி ராமிரெஸ் 2009-இலும் 2011-இலும், ராபின்சன் கனோ 2018-இலும் 2020-இலும் சிக்கியது இந்த வகையில்.

இரண்டாவது, சோதனையில் சிக்காமல் ஆவணங்களால் சிக்கியவர்கள். 2013-இல் மயாமி பக்கத்து பயோஜெனிசிஸ் மருந்தகத்தின் பதிவேடுகள் வெளிவந்தபோது அலெக்ஸ் ரோட்ரிகெஸுக்கு 211 ஆட்டத் தடை. மேல்முறையீட்டில் 162 ஆகி 2014 சீசன் முழுவதும் போனது. ரயன் பிரானுக்கு 65 ஆட்டம். சோதனைகளைத் தாண்டி அவர்களால் எப்படி வர முடிந்தது என்பதற்கு விடை எளிது: வாயில் கரையும் வில்லைகளும் களிம்புகளும் சிறு அளவில் எடுத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் விகிதம் இயல்புக்குத் திரும்பிவிடும். சேகரிப்பவர் வரும் நேரத்துக்கும் மருந்து எடுத்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் எல்லாமே இருந்தது. ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனி அடிப்படை அளவைப் பதிந்து வைத்து ஒப்பிடும் முறையை 2013-இல் கொண்டுவந்தது அதனால்தான்.

மூன்றாவது, ஒப்புதலும் சாட்சியமும். மார்க் மக்வயர் 2010 ஜனவரியில் தானே ஒப்புக்கொண்டார். ராஜர் கிளெமென்ஸ் மீது அவருடைய பயிற்சியாளர் பிரையன் மெக்னமி சொன்ன சாட்சியம் இருக்கிறது. கிளெமென்ஸ் மறுத்தார், பொய்ச்சாட்சியக் குற்றச்சாட்டிலிருந்து 2012 ஜூனில் விடுவிக்கப்பட்டார். லீக் கேட்டுக்கொண்டபடி முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிச்சல் ஊக்கமருந்து பற்றி விசாரித்து 2007 டிசம்பரில் தந்த மிச்சல் அறிக்கையும் இந்த வகைதான். 409 பக்கம், 89 வீரர்கள். இதைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அறிக்கையின் முக்கியச் சாட்சி கிர்க் ராடம்ஸ்கி நியூயார்க் மெட்ஸ் அணியின் உடைமாற்று அறை ஊழியராக இருந்தவர். அதனால் அவரோடு தொடர்புள்ளவர்களின் பெயர்கள் குவிந்தன. வேறொரு ஊரின் மருந்து வியாபாரி சிக்கியிருந்தால் வேறு 89 பெயர்கள் வந்திருக்கும். அறிக்கையில் பெயர் இல்லை என்பது நற்சான்று ஆகாது.

நான்காவது, 2003 கணக்கெடுப்பு. தண்டனையும் பெயரும் இல்லாத சோதனை அது. 5 சதவீதத்துக்கு மேல் சிக்கினால் அடுத்த ஆண்டு தண்டனையோடு சோதனை வரும் என்பது ஒப்பந்தம். 5 முதல் 7 சதவீதம் வந்தது. அழித்திருக்க வேண்டிய பட்டியலை 2004 ஏப்ரலில் பால்கோ (வீரர்களுக்கு மருந்து விநியோகித்த கலிஃபோர்னிய நிறுவனம்) விசாரணை அதிகாரிகள் எடுத்துப் போனார்கள். அப்படி எடுத்தது சட்டப்படி சரியல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பின்னால் சொன்னது. அதற்குள் ஓர்டிஸ், சாமி சோசா பெயர்கள் பத்திரிகையில் கசிந்துவிட்டன. அந்தப் பட்டியலில் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகளில் அறிவியல் ஐயம் இருந்ததாக ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் 2016-இல் சொன்னார். எது யாருடையது என்று சொல்லவில்லை.

ஐந்தாவது, "உடம்பைப் பார்த்தாலே தெரிகிறது" என்ற வகை. இதை ஆதாரம் என்றே நாங்கள் எண்ணுவதில்லை.

## முதல் வழி: கதவடைப்பு

எந்தத் தொடர்பு இருந்தாலும் வாக்கில்லை. பல வாக்காளர்கள் ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் போட்டார்கள். மக்வயர் 583 ஹோம் ரன்னோடு 2007-இல் 23.5 சதவீதம் பெற்றார். 2016-இல் கடைசி முறை நின்றபோது 12.3. பால்மீரோவுக்கு 3,020 ஹிட், 569 ஹோம் ரன். 3,000 ஹிட், 500 ஹோம் ரன் இரண்டையும் அவருக்கு முன்பு எட்டியவர்கள் ஹாங்க் ஆரன், வில்லி மேஸ், எடி மரே தவிர வேறு யாருமில்லை. 2014-இல் 4.4 சதவீதத்தோடு பட்டியலை விட்டே போய்விட்டார்.

இதற்கு ஒரு பலம் இருக்கிறது, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. மருந்து எடுக்காமல் ஆடியவர்களின் பக்கம் வெளிப்படையாக நிற்பது இந்த வழி மட்டும்தான். ஃபிரெட் மெக்ரிஃப் 493 ஹோம் ரன் அடித்தவர். அவர் மீது யாரும் விரல் நீட்டியதில்லை. 1998-க்குப் பிறகு ஒரு சீசனில் 60, 70 என்று எண்ணிக்கை ஏறியபோது அவருடைய 30-களும் 35-களும் சிறுத்துத் தெரிந்தன. எழுத்தாளர்கள் வாக்கில் 40 சதவீதத்தைக்கூட அவர் எட்டவில்லை. 2022 டிசம்பரில் காலக் குழுதான் 16-க்கு 16 வாக்கோடு அவரை உள்ளே எடுத்தது.

மறைவான விலைகள்: முதலாவது, வதந்திக்கும் ஆதாரத்துக்கும் இடையே எங்கே நிறுத்துவது என்று இந்த வழி சொல்வதில்லை. மைக் பியாஸா 2016 வரையும் ஜெஃப் பேக்வெல் 2017 வரையும் காத்திருக்க நேர்ந்தது அதனால்தான். இருவர் மீதும் சோதனை முடிவு ஒன்றும் இல்லை. இரண்டாவது, கதவு ஏற்கெனவே முழுதாக மூடியிருக்கவில்லை. 1889-இல் விலங்கு விதைச் சாறு கலந்த பிரவுன்-செகார் மருந்தைப் போட்டுக்கொண்டு ஆடியதாகச் செய்தி வந்த பட் கால்வின் 1965-இல் உள்ளே போனார். விதிக்குப் புறம்பான எச்சில் பந்துக்குப் பெயர் போன கேலர்ட் பெர்ரி 1991-இல். 'கிரீனி' என்று வீரர்கள் அழைத்த ஆம்ஃபெட்டமின் மாத்திரை பல பத்தாண்டுகள் உடைமாற்று அறைகளில் சாதாரணமாகப் புழங்கியது. உயர்மட்டத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் அதைத் தடைசெய்தது 2006-இல்தான். ஸ்டீராய்டுக்கு மட்டும் கதவை மூடுபவர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது விலை நிர்வாகத்தைப் பற்றியது. அந்தக் காலத்தின் ஆணையர் பட் சீலிக் 2017-இல் உள்ளே போய்விட்டார். ஓக்லண்டில், ஸ்டீராய்டு எடுத்ததைத் தாமே எழுதிய ஹோசே கன்செகோவையும் மக்வயரையும் வழிநடத்திய மேலாளர் டோனி லா ரூஸா 2014-இல் போய்விட்டார். சீலிக்கின் தேர்வு 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது; அடுத்த மாதமே பாண்ட்ஸின் வாக்கு 44.3-இலிருந்து 53.8 சதவீதத்துக்கு ஏறியது. லாபம் பார்த்தவருக்கு மாலை, ஆடியவருக்கு மட்டும் தடை என்ற நிலையை வாக்காளர் பலரால் தாங்க முடியவில்லை என்பதே அதன் பொருள்.

எப்போது இது சரி: ஆட்டத்தின் பதிவேடுகளைவிட நேர்மை விதியே மேலானது என்று உறுதியாக நம்புபவருக்கு. அப்படியானால் சோதனை, ஆவணம், சொந்த ஒப்புதல் ஆகிய மூன்றோடு நிறுத்துங்கள். வதந்தியைச் சேர்த்த கணத்தில் இந்த வழி நியாயம் இழந்துவிடுகிறது.

## இரண்டாவது வழி: ஆட்டம் மட்டும்

மைதானத்தில் நடந்ததை எண்ணு, மற்றதை விடு. பாண்ட்ஸ் ஏழு எம்.வி.பி. (ஆண்டின் மதிப்புமிக்க வீரர் விருது), கிளெமென்ஸ் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஏழு, 354 வெற்றி. ரோட்ரிகெஸ் 696 ஹோம் ரன். எல்லாரும் உள்ளே. ஆட்டத்தின் வரலாறு துண்டாகாமல் நிற்கும். வாக்காளர் புலனாய்வு வேலை பார்க்கத் தேவையில்லை.

ஆனால் மருந்து என்ன செய்கிறது என்பதைக் கணக்கில் எடுத்தால் இந்த வழியின் அடித்தளம் ஆடுகிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராஜர் டோபின் 2008-இல் ஒரு கணக்குப் போட்டார். தசை 10 சதவீதம் கூடினால் மட்டையின் வேகம் ஏறத்தாழ 5 சதவீதம் கூடும். மட்டையை விட்டுக் கிளம்பும் பந்தின் வேகம் ஏறத்தாழ 4 சதவீதம். இந்தச் சிறிய கூடுதல் ஹோம் ரன் விகிதத்தைக் குறைந்தது 50 சதவீதம் உயர்த்தப் போதும். காரணம், வேலியருகே பிடிபடும் பந்துகள் ஏராளம். சில அடி கூடினால் அவையெல்லாம் வேலியைத் தாண்டிவிடும். பந்தைச் சரியாகச் சந்திக்கும் கண்ணை மருந்து தராது. அந்தக் கண் ஏற்கெனவே உள்ளவருக்குக் கிடைக்கும் லாபம் மிகப் பெரியது. பந்து எறியும் பிட்சர்களுக்குப் பயன் வேறு விதம்: தோளும் முழங்கையும் அடுத்த ஆட்டத்துக்குள் மீண்டுவிடும். ஆகஸ்டில் மற்றவர்கள் களைத்திருக்கும்போது இவர்கள் ஏப்ரல் வேகத்தில் எறிவார்கள்.

எண்கள் இப்படி ஊதிப்போனவை என்று தெரிந்துகொண்டே எண்களை மட்டும் நம்புவது எப்படி?

மறைவான விலையை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் இந்த வழி இன்னும் கசக்கிறது. அணியில் கடைசி இடத்துக்குப் போட்டியிட்டு, மருந்து எடுக்காததால் மைனர் லீக்கிலேயே தங்கிவிட்டவர்களின் பெயர் எந்தச் சீட்டிலும் வராது. டொமினிகன் குடியரசில் 16 வயதில் ஒப்பந்தம் கிடைக்கும் என்பதால் அதற்கும் முன்பே ஊசி போட்டுக்கொள்ளும் பையன்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து வரும் தடை அறிவிப்புகளில் குதிரைகளுக்கான போல்டெனோன் திரும்பத் திரும்ப வருகிறது. உடம்புக்கு ஆகும் சேதத்தை 1996-இன் எம்.வி.பி. கென் கமினிட்டி 2002-இல் வெளிப்படையாகச் சொன்னார்: உடம்பு தானாக டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தது. கூப்பர்ஸ்டவுன் வாக்கு ஒன்றால் இதெல்லாம் நின்றுவிடாது. ஆனால் "மாட்டினாலும் பரவாயில்லை" என்று அந்தப் பையன்களுக்குச் சொல்லும் குரல்களில் நம் வாக்கும் ஒன்றாகிவிடும்.

எப்போது இது சரி: ஹால் ஆஃப் ஃபேமை விருதாக நினைக்காமல் வரலாற்றுப் பதிவாக மட்டும் பார்ப்பவருக்கு. அவருக்கு ஒரு தகவல்: அந்த வேலையை அதே கட்டடத்தில் உள்ள அருங்காட்சியகம் ஏற்கெனவே செய்கிறது. பாண்ட்ஸ் 2007-இல் ஆரனின் 755-ஐத் தாண்டி அடித்த 756-ஆவது பந்து அங்கேதான் இருக்கிறது. ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ அதை 7,52,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, என்ன செய்யலாம் என்று இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தினார். நட்சத்திரக் குறி பொறிக்க வேண்டும் என்ற பக்கம் வென்றது. தோலில் அந்தக் குறியோடு பந்து 2008-இல் கூப்பர்ஸ்டவுன் வந்து சேர்ந்தது. வெண்கலப் பட்டயம் என்பது வேறு, அது கௌரவம்.

## மூன்றாவது வழி: கோடு

தண்டனையோடு சோதனை வந்த பிறகு சிக்கியவருக்கு வாக்கில்லை. அதற்கு முன்பு நடந்ததற்கு ஆட்டத்தை வைத்தே தீர்ப்பு.

கோட்டை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. நான்கு இடங்கள் இருக்கின்றன.

1991: ஸ்டீராய்டு அமெரிக்கச் சட்டத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்த ஆண்டு. அந்த ஜூனில் ஆணையர் ஃபே வின்சென்ட் அணிகளுக்குச் சுற்றறிக்கையும் அனுப்பினார். ஆனால் சோதனை இல்லை, வீரர் சங்கத்தோடு பேசி முடித்த ஒப்பந்தமும் இல்லை. இங்கே கோடு போட்டால் கதவடைப்புக்கே திரும்பிவிடுகிறோம்.

2003: கணக்கெடுப்பு. பெயர் வெளியாகாது என்று உறுதியளித்து எடுத்த மாதிரி. அதை வைத்துத் தண்டிப்பது கொடுத்த வாக்கை மீறுவது.

2004: முதல் முறையாகத் தண்டனைத் திட்டத்தோடு சோதனை. ஆனால் முதல் தடவை சிக்கினால் சிகிச்சை மட்டும், பெயர் வெளியே வராது.

2005: முதல் தடவைக்கே 10 நாள் தடை, பெயரும் வெளியாகும். 2006-இல் அது 50 ஆட்டம், 100 ஆட்டம், வாழ்நாள் தடை என ஏறியது. 2014-இல் 80, 162, வாழ்நாள்.

2004 தொடக்கத்தில் கோடு போடுவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். அன்றிலிருந்து ஒவ்வொரு வீரருக்கும் தெரியும்: குப்பி வரும், சிக்கினால் விலை உண்டு. தெரிந்தே மீறியவரைத் தண்டிப்பதும், மேலதிகாரி முதல் கீழ் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்த நாளில் நடந்ததற்கு ஒருவரை மட்டும் தண்டிப்பதும் ஒன்றாகாது. 1994 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் தொடங்கி உலகத் தொடரே ரத்தான பிறகு, 1998-இல் மக்வயரும் சோசாவும் தங்கள் ஹோம் ரன் போட்டியால் ரசிகர்களை மைதானத்துக்குத் திரும்ப இழுத்தார்கள். அந்த ஆகஸ்டில் மக்வயரின் அலமாரியில் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனாக மாறும் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் குப்பியை நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டீன் பார்த்து எழுதினார். அது அன்று கடையில் விற்ற பொருள், மேஜர் லீக்கில் தடையில்லை. அவமானப்பட்டது குப்பியைப் பார்த்து எழுதிய நிருபர்தான். லீக் உடனே எதையும் தடைசெய்யவில்லை.

இந்த வழியின் குறைகளை மறைக்க முடியாது. தண்டனை இல்லை என்பதால் குற்றமில்லை என்றாகாது. 1991-க்குப் பிறகு மருந்துச் சீட்டு இல்லாத ஸ்டீராய்டு சட்டப்படியே குற்றம். பாண்ட்ஸ் எடுத்ததாகச் சொல்லப்படும் 'கிளியர்' சோதனையில் அகப்படாதபடியே வடிவமைக்கப்பட்ட பொருள். பயிற்சியாளர் ஒருவர் ஊசிக்குழாயை ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்புக்கு அனுப்பி, டான் கேட்லினின் ஆய்வகம் 2003-இல் அதைப் பிரித்தறியும் வரை யாருக்கும் அது தெரியாது. ஒளித்துச் செய்தவர்களுக்குத் தாங்கள் செய்வது தவறு என்று தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் செய்தார்கள். கோட்டு வழி அவர்களை மன்னிப்பதில்லை. தண்டிக்கும் உரிமை லீக்குக்கு இல்லாத காலத்துக்கு வாக்காளர் நீதிபதி ஆவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல், நடைமுறை தவறிப்போன சோதனைகள். 2011 அக்டோபர் 1, சனிக்கிழமை. ரயன் பிரானின் மாதிரியைச் சேகரித்தவர் அன்றிரவு கூரியர் கிளம்பாது என்று நினைத்து அதை வீட்டில் வைத்திருந்தார். திங்களன்றுதான் மான்ட்ரியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார். முத்திரை உடையவில்லை. ஆனால் அன்றே அனுப்ப வேண்டும் என்ற ஒப்பந்த வாசகத்தின்படி நடுவர் ஷியாம் தாஸ் 2012 பிப்ரவரியில் தடையை நீக்கினார். அடுத்த ஆண்டு பயோஜெனிசிஸில் பிரான் தடையை ஏற்றுக்கொண்டார். வாக்காளருக்குப் பாடம்: ரத்தான சோதனையை எண்ணாதீர்கள், இறுதியான தடையை எண்ணுங்கள்.

களிம்பு, துணை உணவு ஆகியவற்றின் வழியே தெரியாமல் உடம்பில் ஏறும் வாய்ப்பும் உண்டு. 2022-இல் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் குளோஸ்டெபோல் என்ற ஸ்டீராய்டுக்காக 80 ஆட்டம் இழந்தபோது படர்தாமரைக்குப் போட்ட மருந்து என்றார். குளோஸ்டெபோல் தோல் களிம்புகளில் உண்மையிலேயே இருக்கிறது. எங்கள் கருத்து: ஒரே தடை, முழுத் தண்டனையும் அனுபவித்து, அதன் பிறகு பல ஆண்டுகள் சோதனையில் சுத்தமாக ஆடியவர் என்றால் கோட்டைச் சற்று நெகிழ்த்தலாம். இரண்டாவது தடைக்கு நெகிழ்வு கிடையாது.

## நான்காவது வழி: கழித்துப் பார்ப்பது

"மருந்து இல்லாமலே இவர் தகுதியானவரா?" இது கேட்க நன்றாக இருக்கிறது, சில பேருக்கு வேலையும் செய்கிறது. 1998 முடிவில் பாண்ட்ஸ் 411 ஹோம் ரன், 445 திருட்டுத் தளங்கள், மூன்று எம்.வி.பி.; 400-400 எட்டிய முதல் வீரர். அன்றே ஓய்வு பெற்றிருந்தாலும் உள்ளே போயிருப்பார். கிளெமென்ஸ் மீதான சாட்சியம் 1998-இல் தொடங்குகிறது. அதற்கு முன்பே 213 வெற்றி, நான்கு சை யங். சோசாவுக்கு 1997 முடிவில் 207 ஹோம் ரன்தான், அவர் தேறமாட்டார்.

மற்றவர்களிடம் போனால் கணக்கு உடைந்துவிடுகிறது. தொடக்க நாள் யாருக்குத் தெரியும்? மக்வயர் 1989 சீசனுக்குப் பிறகு முயன்றதாகச் சொன்னார்; ஆனால் மருந்துக்கு முந்தைய 1987-இலேயே புதுமுகமாக 49 ஹோம் ரன் அடித்திருந்தார். எதை எதிலிருந்து கழிப்பது? அதே ஆண்டுகளில் 1993-இலும் 1998-இலும் நான்கு புதிய அணிகள் சேர்ந்து பிட்சர்களின் தரம் நீர்த்தது. கொலராடோவின் மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் பறக்கும். சூழலின் பங்கையும் மருந்தின் பங்கையும் பிரிக்கும் சூத்திரம் எங்கும் இல்லை.

லீக் இதில் ஒரு முறை சரியாக நடந்துகொண்டது. 2012 ஆகஸ்டில் மெல்கி கப்ரேரா 50 ஆட்டத் தடை பெற்றபோது .346 சராசரியோடு நேஷனல் லீக் பேட்டிங் பட்டத்துக்கு அருகில் இருந்தார். பட்டத்துக்கு 502 முறை மட்டை பிடித்திருக்க வேண்டும், அவரிடம் 501. குறைந்ததைத் தோல்வியாகச் சேர்த்துக் கணக்கிட விதி இடம் தந்தது, அப்படியும் அவரே முதல். அவரே வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள, அந்த விதியை அந்த ஆண்டுக்கு விலக்கினார்கள், பட்டம் .336 அடித்த பஸ்டர் போஸிக்குப் போனது. பட்டத்தைத் தர மறுத்தார்கள், எண்ணைத் திருத்தவில்லை. .346 இன்றும் பதிவேட்டில் இருக்கிறது.

கழித்தல் வழியைத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோட்டுக்கு முந்தைய காலத்தவர்களில் இருவருக்கு ஒரே இடம் மிஞ்சும்போது முடிவெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வீரர் | கதவடைப்பு | ஆட்டம் மட்டும் | 2004 கோடு | கழித்தல் |
|---|---|---|---|---|
| பாண்ட்ஸ் | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| கிளெமென்ஸ் | சாட்சியத்தை எண்ணினால் இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| மக்வயர் | இல்லை | உண்டு | ஆட்டத்தை வைத்து விவாதிக்கலாம் | கணக்கு நிற்காது |
| சோசா | கசிவை எண்ணினால் இல்லை | உண்டு | ஆட்டத்தை வைத்து விவாதிக்கலாம் | இல்லை |
| பால்மீரோ | இல்லை | உண்டு | இல்லை | கணக்கு நிற்காது |
| ராமிரெஸ் | இல்லை | உண்டு | இல்லை, இரண்டு முறை | கணக்கு நிற்காது |
| ரோட்ரிகெஸ் | இல்லை | உண்டு | இல்லை, 2014 தடையால் | கணக்கு நிற்காது |
| ஓர்டிஸ் | கசிவை எண்ணினால் இல்லை | உண்டு | உண்டு | தேவையில்லை |
| பியாஸா | வதந்தியை எண்ணினால் மட்டும் இல்லை | உண்டு | உண்டு | தேவையில்லை |

எழுத்தாளர்களின் மொத்த வாக்கு, யாரும் கூடிப் பேசாமலே, கோட்டு வழியை நோக்கித்தான் நகர்ந்திருக்கிறது. பாண்ட்ஸும் கிளெமென்ஸும் 65 சதவீதத்தைத் தாண்டினார்கள். தடை பெற்ற ரோட்ரிகெஸ் 2025-இல் 37.1, ராமிரெஸ் 34.3. அந்த முப்பது சதவீத இடைவெளிதான் 2004-இன் கோடு.

## முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதன் விலை

இது ஐந்தாவது வழி, பலரும் அறியாமலே எடுப்பது. 2013-இல் பாண்ட்ஸ், கிளெமென்ஸ், சோசா, பியாஸா ஒன்றாகப் பட்டியலுக்கு வந்தார்கள். எழுத்தாளர்கள் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. பட்டியல் நெரிந்தது, ஆனால் சீட்டில் இடம் பத்துதான். கென்னி லாஃப்டன் அந்த ஒரே ஆண்டில் 3.2 சதவீதத்தோடு வெளியேறினார். ஜிம் எட்மண்ட்ஸ் 2016-இல் 2.5. கிரெய்க் பிஜியோ 2014-இல் இரண்டு வாக்கில் தவறினார். இவர்களில் எவர் மீதும் வழக்கில்லை. சந்தேகப் பெயர்களைத் தேர்ந்தெடுக்கவும் இல்லாமல், 5 சதவீதத்துக்குக் கீழே தள்ளவும் இல்லாமல் வைத்திருந்த ஒவ்வோர் ஆண்டும் பின்னால் நின்றவர்களுக்குத்தான் இழப்பு. எந்த வழியை எடுத்தாலும் முதல் ஆண்டிலேயே எடுத்து, பத்து இடத்தையும் நிரப்புங்கள்.

## இனி வரும் சீட்டுகளில்

ஆண்டி பெட்டிட்: 2002-இல் முழங்கைக் காயத்திலிருந்து மீள வளர்ச்சி ஹார்மோன் எடுத்ததை ஒப்புக்கொண்டார். கோட்டுக்கு முந்தையது, தடை இல்லை. ஆட்டத்தை வைத்துத் தீர்மானியுங்கள்.

ராபின்சன் கனோ: 2018-இல் சிறுநீர்ப் பெருக்கியான ஃபுரோசமைடுக்கு 80 ஆட்டம், 2020 நவம்பரில் ஸ்டானஸோலாலுக்கு 162. இரண்டாவது தடையில் ஏறக்குறைய 2.4 கோடி டாலர் சம்பளம் போனது. ஆனால் 24 கோடி டாலர் ஒப்பந்தம் செல்லுபடியாகவே இருந்தது, ஏனென்றால் விதியில் ஒப்பந்த ரத்து இல்லை. லீக் எடுக்காத விலையை வாக்காளர்தான் எடுக்க முடியும். 2028 சீட்டில் 2,639 ஹிட்டோடு வருவார். கோட்டு வழியில் வாக்கில்லை.

பாண்ட்ஸும் கிளெமென்ஸும் இனி எழுத்தாளர்கள் கையில் இல்லை. 2025 டிசம்பரில் 16 பேர் குழுவில் இருவருக்கும் ஐந்துக்குக் குறைவான வாக்குகளே கிடைத்தன. புதிய விதிப்படி அப்படிக் குறைந்தவர் அடுத்த சுற்றில் நிற்க முடியாது. அடுத்த வாய்ப்பு 2031. அதிலும் ஐந்து கிடைக்காவிட்டால் அவர்கள் பெயர் மறுபடி எந்தச் சீட்டிலும் வராது.